பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு வேர்ச்சொல்

உயிரோடு இருக்கிற யாரும் பேசாத, செத்துப்போன யாரும் எழுதி வைக்காத ஒரு மொழியை நான் இரண்டு வருடம் உட்கார்ந்து படித்தேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என்னோடு படித்த பையன்கள் பி.எட். சேர்ந்தார்கள், தபால் ஆபீஸ் பரீட்சை எழுதினார்கள், மாந்தோப்பு வைத்தார்கள். நான் மொழியியல் எம்.ஏ. சேர்ந்தேன். (மொழியியல் என்றால் என்னவென்று மொரப்பூரில் விசாரித்தவர்களுக்கெல்லாம் எங்கள் பெரியப்பா, "வக்கீலுக்கு ஒரு படி கீழங்க" என்று சொல்லி வைத்திருந்தார்.)

விஷயம் இதுதான். சமஸ்கிருதம், பாரசீகம், கிரேக்கம், லத்தீன், ரஷ்யன், ஜெர்மன், ஆங்கிலம் எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். தாய் எப்போதோ போய்விட்டாள். அவளுக்குக் கல்வெட்டும் கிடையாது, ஓலையும் கிடையாது. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி முகம் பார்த்து, தாய்க்கு மூக்கு இப்படி இருந்திருக்கும், காது இப்படி இருந்திருக்கும் என்று பண்டிதர்கள் கணித்திருக்கிறார்கள். அந்தத் தாய்க்கு ஆதி இந்தோ ஐரோப்பிய மொழி என்று பெயர் வைத்தார்கள். அவளுடைய ஒவ்வொரு சொல்லுக்கு முன்னாலும் சின்னதாக ஒரு நட்சத்திரம் போட்டிருக்கும். 'இதை யாரும் காதால் கேட்டதில்லை, ஆனால் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும்' என்று அதற்கு அர்த்தம். தமிழுக்கும் அந்தக் குடும்பத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நாம் வேறு குடும்பம்.

இதைப் படித்து முடித்துவிட்டு மனிதன் சும்மா இருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சும்மா இருக்கத் தெரியாது. மொரப்பூர் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவரிடம் போய், "பெடலும் பாதமும் ஒரே வேர்லேர்ந்து வந்த சொல்லுங்க. இங்கிலீஷ்ல ஃபுட்டுன்னு சொல்றாங்களே, அதுவும் அதேதான். ப-ங்கிற சத்தம் அங்க போய் ஃப-வா மாறிடுச்சு" என்று விளக்கினேன். அவர் ரப்பரைத் தேய்ப்பதை நிறுத்தாமல், "அப்ப ஒங்க காலுக்கும் கிரீஸ் போட்டு வுடட்டுங்களா?" என்று கேட்டார். நான் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொள்ளவில்லை. ஆர்வம் என்று எடுத்துக்கொண்டேன். (இந்த ஒரு வாக்கியத்தில் என் இளமை முழுவதும் அடங்கிவிடும்.)

அறுபதுகளின் கடைசி அது. அப்போதுதான் அண்ணனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தார்கள். அண்ணன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். குடும்பத்தின் மிச்ச வார்த்தைகளையெல்லாம் நான் பேசிக்கொண்டிருந்தேன். எங்களுக்கு அப்பா இல்லை. பெரியப்பாதான் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பவர்.

தருமபுரியில் ஜவுளிக் கடை வைத்திருந்த காதர் பாய்தான் இந்தச் சம்பந்தத்தைச் சொன்னார். இரண்டு குடும்பமும் அவரிடம் துணி எடுக்கிற குடும்பங்கள். "பொண்ணு பேரு சரோஜாங்க. பாப்பாரப்பட்டிக்கு அந்தாண்ட ஊரு. அப்பா மாரப்பன், நல்ல விவசாயி, வாக்கு சுத்தம். நம்ம வாத்தியாருக்கு அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்கும்" என்றார்.

பெரியப்பா, பெரியம்மா, அண்ணன், காதர் பாய், நான் என ஐந்து பேர் கிளம்பினோம். தருமபுரிக்கு ஒரு பஸ், பாப்பாரப்பட்டிக்கு இன்னொரு பஸ், அங்கிருந்து மாரப்பன் அனுப்பிய மாட்டு வண்டி. வண்டியில் ஏறும்போது பெரியப்பா என்னிடம் தனியாகச் சொன்னார்: "நீ ஒண்ணும் பேச வேணாம். கேட்டா எம்.ஏ.ன்னு சொல்லு. அதுக்கு மேல வாயத் தொறக்காத."

இது போதுமான அளவு தெளிவான உத்தரவு என்று இப்போது தெரிகிறது.

மாரப்பன் வீடு ஓட்டு வீடு, விசாலமான கூடம். கூடத்தில் நாற்காலி இரண்டே இரண்டு. ஒன்றில் பெரியப்பாவை உட்கார வைத்தார்கள். இன்னொன்றில் பக்கத்து வீட்டு நாயுடு ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். அந்த ஊரில் பாதி வீடுகளில் தெலுங்கு. நாயுடு அந்தப் பாதிக்கும் பெரியவர், இந்தப் பாதிக்கும் பெரியவர். அவர் இல்லாமல் ஊரில் ஒரு நல்ல காரியம் நடக்காது என்று காதர் பாய் காதில் சொன்னார். நாங்கள் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தோம். கேசரி வந்தது. சரோஜா வந்து காபி கொடுத்துவிட்டுப் பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பிடித்துவிட்டது என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நாயுடு என்னைப் பார்த்தார்.

"தம்பி என்னா படிச்சிருக்காரு?"

"எம்.ஏ.ங்க" என்றேன். இதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. ஆனால் காதர் பாய்க்கு எங்கள் குடும்பத்தை இன்னும் கொஞ்சம் தூக்கி வைக்க வேண்டும் என்று ஆசை.

"சாதா எம்.ஏ. இல்லீங்க. ஒலகத்துல இருக்கற பாஷையெல்லாம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு தம்பி புட்டுப் புட்டு வெக்கும்" என்றார்.

"அப்பிடீங்களா? எங்கேர்ந்துங்க வந்துச்சு?" என்று கேட்டார் மாரப்பன். விருந்தாளியிடம் மரியாதைக்குக் கேட்ட கேள்வி. 'தூரத்துலேர்ந்துங்க' என்று சொல்லியிருந்தால் அவர் திருப்தியாகியிருப்பார்.

நான் ஜமுக்காளத்தில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். "எல்லாம் ஒரே குடும்பமுங்க. இந்தோ ஐரோப்பியக் குடும்பம்."

மாரப்பன் முகம் கொஞ்சம் மாறியது. "எந்தக் குடும்பம்? பென்னாகரம் பக்கமுங்களா? பாய், நீங்க நம்ம ஆளுங்கன்னுதானே சொன்னீங்க?"

காதர் பாய் அவசரமாக, "பாஷைக்கு சொல்றாருங்க, பாஷைக்கு" என்றார். பெரியப்பா இருமினார். அது எனக்கான இருமல். நான் அதைக் கவனித்தேன், ஆனால் சளி என்று நினைத்தேன்.

நாயுடு விடவில்லை. "ஒரு சொல்லு சொல்லு பாப்பம்."

"மாதா, பிதா..."

"அதெல்லாம் எனக்கே தெரியும். மதர், ஃபாதர். எம் பேரன் சொல்லிட்டான். வேற சொல்லு. வூட்டுல பொழங்கற சொல்லா இருக்கணும்."

என் கைவசம் பாதம் இருந்தது, நாமம் இருந்தது, எண்கள் பத்தும் இருந்தன. ஆனால் சவால் என்று வந்துவிட்டால் மட்டமான சரக்கை எடுத்து வைக்க முடியுமா? எங்கள் பேராசிரியர் வகுப்பில் ஒரு சொல்லைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் பேசியிருந்தார். பல சொற்கள் ஒரு கிளையில் இருக்கும், இன்னொன்றில் காணாமல் போயிருக்கும். இது ஒன்று மட்டும் ஐயாயிரம் வருடம் கழித்தும் எங்கெங்கோ சிதறிய பிள்ளைகளின் வாயில் ஏறக்குறைய அதே உருவத்தில் இருக்கிறது என்று சொல்லி, கரும்பலகையில் வட்டம் போட்டுக் காட்டினார். எனக்குத் தெரிந்ததிலேயே உயர்ந்த உதாரணம் அதுதான்.

"விதவை" என்றேன்.

கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதியை நான் அறிவுத் தாகம் என்று புரிந்துகொண்டு தொடர்ந்தேன். "இங்கிலீஷ்ல விடோ. லத்தீன்ல விதுவா. ஜெர்மன்ல விட்வெ. ரஷ்யால வ்தோவா. எல்லாம் ஒரே சொல்லுங்க! நல்லாக் கேளுங்க, விதவை, விதுவா, விடோ..."

பெண் பார்க்க வந்த வீட்டில், பெண்ணை எதிரே வைத்துக்கொண்டு, வாயில் கேசரியோடு அந்தச் சொல்லை எட்டுத் தடவை சொல்லியிருக்கிறேன். பெரியம்மா தன் தாலியைக் கையால் பொத்திக்கொண்டார். சரோஜா தலையைக் குனிந்துகொண்டார். மாரப்பன் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். அண்ணன் முதல்முறையாகத் தரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை எந்த மொழியிலும் பெயர்க்க முடியாது.

காதர் பாய் நல்ல மனிதர். நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். "அது ஒண்ணும் தப்பான வார்த்தை இல்லீங்க. தம்பி படிச்சதைச் சொல்லுது. எங்க உருதுல கூடத்தான் பேவான்னு..." என்று ஆரம்பித்தவர், என்ன சொல்கிறோம் என்று பாதியில் தெரிந்து நிறுத்திக்கொண்டார்.

நான் துள்ளிவிட்டேன். "அதுவும் அதே வேர்தாங்க பாய்! பாரசீகத்து வழியா வந்தது!"

நாயுடுவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. கோபம் வந்தால் அவருக்குத் தமிழ் போய்விடும் போலிருக்கிறது. தடியைத் தரையில் ஒரு குத்துக் குத்தி, "ஒரேய் வெதவா! நோரு முய்யரா!" என்று கத்தினார். வாயை மூடுடா முட்டாளே என்று அர்த்தம்.

வேறு எவனாக இருந்தாலும் வாயை மூடியிருப்பான். நான் எழுந்து நின்று மாரப்பன் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா! ஐயா இப்ப வைஞ்சாரே, வெதவா, அதுவும் இதே சொல்லுதாங்க! தெலுங்கு இதை வடமொழிலேர்ந்து எரவல் வாங்கி வசவா ஆக்கிடுச்சு!" என்றேன்.

(வைகிறவரின் வசவிலிருந்தே ஆதாரம் எடுத்த ஆராய்ச்சியாளன் அந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான் இருந்திருப்பேன்.)

பெரியப்பா எழுந்துவிட்டார். மாரப்பனும் எழுந்துவிட்டார். "போதுமுங்க. நல்ல நாளு பாத்து நல்ல காரியத்துக்கு வந்திருக்கீங்கன்னு நெனச்சேன். இப்பிடி வந்து அபசகுனமாப் பேசற எடத்துல நான் பொண்ணு குடுக்க மாட்டேன்" என்றார். சத்தம் போடவில்லை. நிதானமாகத்தான் சொன்னார். அண்ணன் சம்பந்தம் போய்விட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த நேரத்தில் அடுப்படிக் கதவு திறந்தது. முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வெளியே வந்தார். வெள்ளைச் சேலை. கையில் மாவு ஒட்டியிருந்தது. எங்களுக்குக் கேசரி கிண்டியவர், காபி கலந்தவர் எல்லாம் அவர்தான் என்று பிறகு தெரிந்தது. மாரப்பனின் தங்கை.

"நீ எதுக்கு இங்க வந்த? உள்ள போ" என்றார் மாரப்பன்.

"இருங்கண்ணா. என்னப் பத்திப் பேச்சு நடக்குது. கேட்டுட்டுப் போறேன்." என்னிடம் திரும்பினார். "தம்பி, எந்தெந்த ஊர்ல அப்பிடிச் சொல்றாங்கன்ன?"

விரலை மடக்கி ஒவ்வொன்றாக மெதுவாகச் சொன்னேன்.

"அத்தனை ஊர்லயுமா? எத்தனை வருசமா?"

"ஐயாயிரம் வருசம் இருக்குங்க."

"அர்த்தம் என்னா?"

"பிரிஞ்சு தனியா நிக்கறதுன்னு... வெறுமையா ஆனவங்கன்னு..."

அவர் தலையை ஆட்டினார், சரியான விடை என்பதுபோல. "சரி. பொண்டாட்டி செத்துப்போன ஆம்பளைக்கு அந்த மொழியில என்னா சொல்லு?"

இரண்டு வருடப் படிப்பில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை, பேராசிரியர் உட்பட. மனதுக்குள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். "அப்பிடி ஒண்ணு அகப்படலீங்க. இங்கிலீஷ்காரங்க இந்தச் சொல்லுக்கே ஒரு வாலு ஒட்டி விடோயர்னு பின்னாடி செஞ்சிக்கிட்டாங்க."

"அகப்படாது" என்றார். நாயுடுவின் நாற்காலியைப் பார்த்தார். "நாயுடு மாமாவுக்கு மாமி போயி எட்டு வருசம். நல்ல காரியம்னா மொத நாற்காலி அவருக்குத்தான். தப்புன்னு சொல்லல மாமா, நீங்க நல்லா இருங்க. எனக்கு அவரு போயி பன்னெண்டு வருசம்." பிறகு மாரப்பனிடம், "அந்தச் சொல்லைச் சொன்னதுக்கு இந்தப் பையன் மேல கோவிச்சிக்கறீங்களேண்ணா. அந்தச் சொல்லுதான் பன்னெண்டு வருசமா உங்க வூட்டு அடுப்படியில சோறாக்கிட்டு இருக்குது" என்றார்.

நாயுடு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்த அம்மாள் பெரியம்மாவைப் பார்த்து, "நீங்க மாப்பிள்ளைக்கு அம்மாங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, பெரியம்மா. அவ வூட்டுல இருக்கா."

"ஏன், வரலீங்களா?"

பெரியம்மா தாலியிலிருந்து கையை எடுத்தார். அந்தக் கேள்விக்குப் பதில் தேவை இல்லை. காலையில் நாங்கள் கிளம்பியபோது அம்மா அண்ணனின் வேட்டியை மடித்துக் கொடுத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டாள். கிளம்புகிறவர்களுக்கு எதிரே வந்துவிடக் கூடாதே என்று. அப்பா போனதிலிருந்து எந்த நல்ல காரியத்துக்குக் கிளம்பினாலும் அப்படித்தான். அந்தச் சொல்லின் உறவுக்காரர்கள் ரஷ்யாவில் இருப்பது வரை எனக்குத் தெரிந்திருந்தது. எங்கள் வீட்டுப் பின்கட்டில் இருந்தது தெரியவில்லை.

நாங்கள் வெளியேறினோம். திரும்பி வரும் பஸ்ஸில் பெரியப்பா என்னைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். தருமபுரி நெருங்கும்போது அண்ணன் அன்றைய கோட்டாவிலிருந்து சில வார்த்தைகளை எடுத்து, "வேற சொல்லே கெடைக்கலியாடா ஒனக்கு?" என்று கேட்டான்.

"இது ஒண்ணுதாண்ணா எல்லாக் கெளையிலயும் முழுசாக் கெடைக்குது" என்றேன். பெரியப்பா எழுந்து முன் சீட்டுக்குப் போய்விட்டார்.

வீட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கடைசி வரை கேட்டுவிட்டு, "அந்தம்மா பேரு என்னா?" என்றாள்.

"தெரியலம்மா. கேக்கல."

"எட்டு பாஷையில அவளுக்கு என்னா பட்டம்னு தெரியுது. பேரு கேக்கத் தோணலியா?"

அம்மா என்னைத் திட்டியது அவ்வளவுதான். மிச்சத்தைப் பெரியப்பா ஒரு மாதம் தவணையில் திட்டினார்.

அந்த ஒரு மாதம் முடிந்த பிறகு காதர் பாய் மொரப்பூருக்கு வந்தார். முகத்தில் சிரிப்பு. சரோஜா இந்த இடத்தைத் தவிர வேறு இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். ("இவ்ளோ வெவரங்கெட்ட தம்பிய வெச்சிக்கிட்டு ஒரு மனுசன் பொறுமையா இருக்காருன்னா, அவருகிட்ட குடித்தனம் பண்ணலாம்" என்பது காரணம். அன்று தலையைக் குனிந்தது அழுகையால் அல்ல, சிரிப்பை அடக்க என்றும் அண்ணி பின்னாளில் சொன்னார்.) மாரப்பனும் இறங்கி வந்துவிட்டார். ஆனால் நாயுடு ஒரு நிபந்தனை போட்டார். தாலி கட்டி முடிகிற வரை சின்னவன் வாயைத் திறக்கக் கூடாது. அதற்கு ஒரு ஆள் பொறுப்பேற்றுக்கொள்ள வேண்டும்.

பொறுப்பேற்க யாரும் முன்வரவில்லை. பெரியப்பா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அண்ணன் மணையில் உட்கார வேண்டியவன். கடைசியில் மாரப்பனின் தங்கை, "நான் பாத்துக்கறேன். அவன் பக்கத்துலயே உக்காந்துக்கறேன்" என்று சொல்லியனுப்பினார். அவர் பெயர் பொன்னம்மா என்று காதர் பாயிடம் கேட்டு அம்மாவிடம் சொன்னேன். கூடவே பொன்னம்மா இன்னொன்றும் சொல்லியிருந்தார்: "ஒரு ஆளால அவனை அடக்க முடியாது. பெத்தவளும் இந்தப் பக்கம் உக்காரணும்."

நாயுடு யோசித்துப் பார்த்தார் போலிருக்கிறது. வேறு வழி தெரியவில்லை. சகுனம் பார்ப்பதா, என் வாயைப் பார்ப்பதா என்று வந்தபோது, என் வாயே பெரிய ஆபத்து என்று முடிவு செய்தார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகப்பெரிய மரியாதை அது.

அப்படித்தான் அண்ணன் கல்யாணத்தில், பந்தலின் முதல் வரிசையில், மணைக்கு நேர் எதிரே, இடது பக்கம் பொன்னம்மாவும் வலது பக்கம் அம்மாவும் நடுவில் நானுமாக உட்கார்ந்தோம். பொன்னம்மா மடியில் ஒரு தட்டு நிறைய ஒப்பிட்டு வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் பருப்பும் வெல்லமும் பூரணமாக வைத்துத் தட்டுகிற போளிக்கு ஒப்பிட்டு என்று பெயர். ஐயர் ஏதோ மந்திரத்தில் 'ஸப்த' என்றார். ஏழு. செப்டம்பரில் இருப்பதும் அதே ஏழுதான். என் உதடு பிரிந்ததும் ஒரு ஒப்பிட்டு உள்ளே வந்தது. அடுத்து 'ஹ்ருதய' என்றார். ஹார்ட்டுக்கும் அதற்கும் இருக்கிற சம்பந்தம் லேசானதில்லை. இரண்டாவது ஒப்பிட்டு வந்தது. மொழிகளை ஒப்பிட்டுப் பேச வந்தவனை ஒப்பிட்டு வைத்தே அடக்கிவிட்டார்கள். தாலி கட்டுவதற்குள் நான்கு உள்ளே போயிருந்தன.

போட்டோ எடுக்க வந்தவர் பந்தலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அம்மாங்க ரெண்டு பேரும் கொஞ்சம் அந்தப் பக்கம் நகந்துக்கறீங்களா?" என்று கேட்டார். எதற்காகக் கேட்டார் என்று எல்லோருக்கும் தெரியும்.

"நாங்க நகந்தா இவன் பேசிடுவான்" என்றார் பொன்னம்மா.

"நகர வேணாம், நகர வேணாம்! அப்பிடியே எடு!" என்று நாயுடுவே முதல் ஆளாகக் கத்தினார். அந்தப் போட்டோவில் என் கன்னம் இரண்டும் உப்பியிருக்கிறது. அம்மா நேராகக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள். அப்பா போன பிறகு அவள் எடுத்துக்கொண்ட ஒரே போட்டோ அது.

அதற்குப் பிறகு எங்கள் இரண்டு குடும்பத்திலும் அது ஒரு வழக்கமாகிவிட்டது. எந்தக் கல்யாணமாக இருந்தாலும், புருஷனை இழந்த அத்தையோ சித்தியோ பின்னால் ஒதுங்கினால் யாராவது ஒருவர், "சின்னவரைப் பாத்துக்க ஆளு இல்லீங்க, வாங்க" என்று முன்னால் கூட்டிவந்து என் பக்கத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். நானும் வேலை பார்த்து, ஓய்வு பெற்று, பேரன் பேத்தி எடுத்துவிட்டேன். ஆனால் சொந்தக்காரர்களைப் பொறுத்தவரை நான் இன்னும் காவல் தேவைப்படுகிற ஆசாமிதான். டாக்டர் எனக்கு இனிப்பே ஆகாது என்று சொல்லியிருக்கிறார். அதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அண்ணன் போய் இரண்டு வருடம் ஆகிறது. போன தை மாதம் அவன் பேத்திக்குக் கல்யாணம். மண்டபத்தில் அண்ணி கடைசி வரிசைக்குப் பின்னால், கதவோரம் நின்றுகொண்டிருந்தார். கூப்பிட்டதற்கு, "இங்கேர்ந்தே நல்லாத் தெரியுது, இருக்கட்டும்" என்றார். அவருடைய மகள் கூப்பிட்டும் வரவில்லை. முகூர்த்த நேரம் நெருங்கியது. மணையில் உட்கார்ந்திருந்த கல்யாணப் பெண் எழுந்து நின்றாள். மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, "ஆயா! சின்னத் தாத்தா வாயத் தொறக்கறாரு!" என்று கத்தினாள்.

நான் திறக்கவே இல்லை. கொட்டாவிகூட விடவில்லை.

மண்டபமே திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. அண்ணி நேராகச் சமையல் கட்டுக்குள் போனார். ஒரு தட்டோடு வெளியே வந்து, எல்லா வரிசையையும் தாண்டி முன்னால் வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு ஒப்பிட்டை நாலாக மடித்து நீட்டினார்.

"வாயத் தொறங்க, தம்பி" என்றார்.